பேகத்துக்கு நாலு ஆணி

ஜூன் 3

அப்பாஸ் பாய் பெங்களூருக்கு ரேஸ் குதிரைகளுக்கு லாடம் அடிக்கப் போய் ஒரு மாதம் ஆகிறது. அவர் இடத்துக்கு இன்று ஆள் வந்தது. பார்த்தால் ஒரு பெண். பெயர் நவமணி, உடுமலைப் பக்கம், வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வெல்டிங் படித்து, மாட்டுப் பண்ணைகளில் குளம்பு சீவி, பிறகு வெளியூர் போய் குதிரை லாடம் கற்றுக்கொண்டு வந்தாளாம். மேனேஜர் விக்டர் சார் சொன்னார். "சரிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வது.

முதலில் பேகத்தைத்தான் அவளிடம் கொடுத்தார்கள். இந்தக் குதிரையேற்றப் பள்ளியில் ஒன்பது குதிரைகள். பேகம் என் கையில் வளர்ந்த பெண் குதிரை. செம்பழுப்பு உடம்பு, நாலு காலும் வெள்ளை. பொங்கலுக்கு டிரஸ்டிகள் வந்தபோது "சிறந்த பராமரிப்பு" ஷீல்டு இதற்காகத்தான் எனக்குக் கிடைத்தது. அது என் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது.

அம்மணி சுத்தியலைத் தொடவேயில்லை. பேகத்தை நடத்திக் காட்டச் சொன்னாள். முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் நின்று பார்த்தாள், குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்த வீட்டார்கூட இத்தனை தடவை நடக்கச் சொல்ல மாட்டார்கள். அப்பாஸ் பாய் இந்நேரம் இரண்டு கால் முடித்திருப்பார்.

"அளவு லாடம் ரெடியா இருக்குதே அம்மணி, குளம்பைக் கொஞ்சம் ராவி விட்டா உக்காந்துக்குமே" என்றேன்.

"காலுக்குத்தானுங்ணா செருப்பு. செருப்புக்காகக் காலைச் சீவ முடியுங்களா?" என்று சிரித்தாள். மறுபடி இரும்பை உலையில் வைத்தாள். நாலு காலுக்கு மதியச் சாப்பாடு வரை ஆனது.

காலை கொள்ளு, புல். குளம்பு நாலும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினேன். மாலையும் அதே.

ஜூன் 4

கூப்பிடாமலேயே இன்று வந்தாள். நேற்று குளம்பின் வெளிப்புறம் மடக்கிய ஆணி முனைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். இதற்குத் தனியாகக் காசு கிடையாது. அப்பாஸ் பாய் அடித்துவிட்டுப் போனால் அடுத்த மாதம்தான் முகம் தெரியும்.

குளம்பு கழுவி எண்ணெய் பூசினேன், இரண்டு வேளை.

ஜூன் 16

பயிற்சியின்போது பேகத்தின் இடது முன்னங்கால் லாடம் கழன்று விழுந்தது. மேலே இருந்த பிள்ளை பத்திரமாக இறங்கிவிட்டது. போன் போட்ட கொஞ்ச நேரத்தில் நவமணி பைக்கில் வந்து நின்றாள், தோல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல். வேறு எங்கோ வேலையில் இருந்திருக்கிறாள். அங்கே சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

பழைய ஆணி ஓட்டைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பொதபொதன்னு இருக்குதுங்ணா. ஆணி பிடிக்க மாட்டேங்குது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன். அப்பாஸ் பாய் அடித்ததும் கடைசியில் இரண்டு தடவை கழன்றது உண்மைதான். அவருக்கு அப்போது மனசு பெங்களூரில் இருந்தது.

குளம்பில் சேறு. இன்று மூன்று தடவை கழுவினேன்.

ஜூன் 24

மற்ற குதிரைகளுக்கு இன்று லாடம் மாற்றினாள். முதல் நாளை விட வேகம் வந்திருக்கிறது. ஆனால் நடத்திப் பார்ப்பதை மட்டும் குறைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் வேப்பமரத்தடியில் படுத்திருந்தோம். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு உலையைப் பற்ற வைத்தாள். லாடத்துக்குக் காது எடுக்கப் பழகுகிறாளாம். லாடத்தின் ஓரத்து இரும்பையே அடித்து இழுத்து, சின்னக் காது போல மேலே நிமிர்த்துவது. அப்படி இரண்டு காது இருந்தால் அது குளம்பை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும், ஆணிக்குப் பாரம் குறையும். சூடு கொஞ்சம் கம்மியானால் காது பிளந்துவிடுகிறது. கூடினால் மெலிந்து தொங்குகிறது. பிளந்தது, தொங்கியது எல்லாவற்றையும் ஒரு தகர வாளியில் போட்டாள். வாளி நிறைந்துகொண்டே போனது.

ஒரு தடவை குறடு நழுவி முழங்கைக்குக் கீழே சுட்டுக்கொண்டாள். நான் எழுந்து ஓடினேன். குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றவள், "அந்த உலையைச் சித்த அணைச்சுடுங்ணா, கேஸ் வீணாப் போகுது" என்றாள். நாங்களாக இருந்தால் அன்றைக்கு லீவு போட்டிருப்போம். அவள் சாயங்காலம் மிச்சமிருந்த குதிரையையும் முடித்துவிட்டுத்தான் போனாள்.

பிடிவாதம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 1

மறுபடியும் அதே கால். அதே லாடம்.

விக்டர் சார் என்னையும் நவமணியையும் அறைக்குக் கூப்பிட்டார். "சென்னியப்பன், இந்தக் குதிரையால கிளாஸ் கேன்சல் பண்றது இது எத்தனையாவது தடவை? கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடற ஏஜென்ட் ஒருத்தர் கேக்கறார். ரோட்ல மெதுவா நடந்தாப் போதும், லாடம் எப்படி இருந்தாலும் பரவாயில்லைங்கறார். செப்டம்பர் கடைசியில டிரஸ்டிங்க வராங்க. அதுக்குள்ள கால்ல லாடம் நிக்கலைன்னா கொடுத்துடலாம்னு இருக்கேன்."

கல்யாண ஊர்வலம். பேண்டு வாத்தியம், பத்தாயிரம் வாலா. தீபாவளிக்கு மூன்று நாள் பேகத்தின் காதில் பஞ்சு வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் லாயத்திலேயே இருப்பேன். ஊசி வெடி சத்தத்துக்கே அதன் உடம்பு முழுக்க நடுங்கும். சாருக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்கிறார்.

வெறும் குதிரைதான். எனக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 2

யோசித்துப் பார்த்தேன். மற்ற எட்டுக் குதிரைகளுக்கும் இந்த அம்மணிதான் லாடம் அடிக்கிறாள். அதில் ஒன்றுகூடக் கழலவில்லை. பேகத்துக்கு மட்டும் கழல்கிறது. அப்படியானால் பேகத்துக்கு அடிக்கும்போது மட்டும் அவள் கவனக்குறைவாக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? இத்தனைக்கும் மற்ற குதிரைகளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை கழுவினாலே அதிகம். பேகத்தைப் போல யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஜூலை 4

காலையில் குளம்பு கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நவமணி லாய வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எப்படிங்ணா இப்படிப் பளபளன்னு வெச்சிருக்கீங்க?" என்றாள்.

கேட்டுவிட்டாள் அல்லவா, எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். வாளி, சோப்பு, நைலான் பிரஷ், ஐந்து லிட்டர் எண்ணெய் டின். வாளிச் சத்தம் கேட்டதும் பேகம் தானாகவே காலைத் தூக்கிக் கொடுப்பதையும் காட்டினேன். வேறு எந்தக் குதிரை கொடுக்கும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"தெனமுங்களா?"

"ரெண்டு வேளை அம்மணி! பொங்கல்ல இருந்து ஒரு நாள் தவறினதில்லை."

அவள் குத்தவைத்து, பேகத்தின் குளம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு எழுந்து என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, கோவிச்சுக்காம கேளுங்க. குளம்பு நம்ம நகம் மாதிரிங்க. தெனமும் ஊற வெச்சா மெத்துனு ஆயிரும். அதுக்கு மேல எண்ணெய் போட்டா உள்ள போன ஈரம் வெளிய வராது. மெத்துனு இருக்கற குளம்புல எந்தக் கையால அடிச்சாலும் ஆணி நிக்காதுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் குதிரை பாக்க ஆரம்பிச்சப்ப நீ ஸ்லேட்டு தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே" என்றேன்.

"ஆமாங்ணா. அதனாலதான் மொதல்ல உங்ககிட்டச் சொல்றேன்." குரல் உயரவே இல்லை. "சாருக்கும் தெரிஞ்சாகோணும். பேகத்தோட கால் விசயம், மறைக்க முடியாதுங்க. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்றேன்" என்றேன். போய்விட்டாள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். ஊர் மெச்சின குளம்பு இது. ஷீல்டு சும்மாவா கொடுத்தார்கள்?

ஜூலை 5

சார் இன்று பிஸி. நாளை சொல்லலாம்.

இன்று குளம்பைக் கழுவவில்லை. (சாயங்காலம் ஒரு தடவை, சேறு இருந்ததால் மட்டும்.)

ஜூலை 9

சாரல் மழை. சார் ஊட்டி போயிருக்கிறார். வாளியை எடுத்தாலே பேகம் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எப்படி மாட்டேன் என்று சொல்வது? லேசாகத்தான் கழுவினேன். எண்ணெய் கம்மியாக.

ஜூலை 15

எழுதக் கை வரவில்லை.

மைதானத்தில் திரும்பும்போது லாடம் பிய்ந்தது. இந்தத் தடவை சும்மா கழலவில்லை. குளம்பின் ஓரத்தில் ஒரு துண்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தத் துண்டை நான்தான் பொறுக்கி எடுத்தேன். விரலால் அழுத்தினேன். ஊறின தேங்காய் மட்டைக்காவது கொஞ்சம் கெட்டி இருக்கும். இது நசுங்கியது.

நவமணி வந்தாள். பேகத்தின் காலைத் துணியால் சுற்றும்போது சார் அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். "மூணாவது தடவை! என்னம்மா வேலை செய்யறீங்க?"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நான் சாரிடம் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"குளம்பு ஊறிப் போயிருக்குதுங்க சார். அதான் ஆணி பிடிக்கலீங்க" என்றாள்.

"எப்படி ஊறும்?"

நான் தொண்டையைச் செருமினேன். சார் வானத்தைப் பார்த்தார். "இந்த மழை வேற" என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் துணியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"இனி நனையவே கூடாதுங்க. லாடம் இல்லாம ஒரு மாசம் விடுங்க, மரத்தூள் படுக்கை போட்டு. அதுக்குப் பொறகு அடிக்கற லாடம் ஒரு முழுச் சுத்து, ஆறு வாரம் நிக்கும். நிக்கலைன்னா என்னைய வேலையை விட்டு நிறுத்திருங்க" என்றாள் நவமணி.

போகும்போது பைக் வரை கூடவே போனேன். "ஏன் அம்மணி என் பேரைச் சொல்லலே?" என்று கேட்டேன்.

"என்ன ஆச்சுன்னு நான் சொல்லோணும், சொல்லிட்டேன். யாருன்னு சொல்றது நீங்க ஏத்துக்கிட்ட வேலைங்ணா." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "அந்த வாளியை மட்டும் தூக்கி வெச்சுருங்க."

வாளியைப் பரண் மேல் போட்டேன். எண்ணெய் டின்னையும்.

ஜூலை 16

கழுவவில்லை. ஒரு தடவைகூட இல்லை. சத்தியமாக.

ஜூலை 28

மரத்தூளை தினமும் நான்தான் அள்ளி மாற்றுகிறேன். மூத்திரம் பட்ட இடத்தை உடனே எடுத்துவிடுகிறேன். காலைக் காய்ந்த பிரஷால் தட்டுவதோடு சரி. பேகத்துக்கு இது பிடிக்கவில்லை. கழுவு என்று காலை நீட்டிக்கொண்டே இருக்கிறது. குளம்பு சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

நவமணி வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்க்கிறாள். ஓரத்தை மட்டும் அரத்தால் உருட்டிவிட்டு, செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறாள். இன்று குளம்பைச் சுண்டிக் காட்டினாள். "கேக்குதுங்களா?" டக் என்று கெட்டியான சத்தம்.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

இன்றைய நாளைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

காலையில் வந்தாள். வழக்கம்போல நடத்திப் பார்த்தாள், ஆனால் இன்று நானாகவே இரண்டு தடவை கூடுதலாக நடத்திக் காட்டினேன். பிய்ந்த ஓரத்தை விட்டுவிட்டு நல்ல குளம்பு எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டாள். ஒரு காலுக்கு எப்போதும் அடிப்பது ஏழு ஆணி. கோடு போட்ட இடத்தில் நாலுக்குத்தான் இடம் இருந்தது.

"நாலு போதுமா அம்மணி?" என்றேன்.

"நாலு ஆணி, ரெண்டு காதுங்க."

உலையிலிருந்து இரும்பு எலுமிச்சம்பழ நிறத்தில் வந்தது. பட்டறைக்கல்லின் ஓரத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத என் தமிழ் பத்தாது. பளார் என்று அடிக்கவில்லை. தட்டினாள். இரும்பு அவள் சொன்ன பக்கம் போனது. சூடு இறங்கும் முன்பே நிறுத்தி மறுபடி உலைக்கு அனுப்பினாள், இன்னும் ஒரு அடி அடிக்கலாம் என்ற ஆசைக்கு இடம் கொடுக்கவேயில்லை. இரண்டாவது சூட்டில் ஒரு காது எழுந்தது. மெலிவில்லை, பிளவில்லை, அடியில் தடித்து நுனியில் சன்னமாக. மூன்றாவது சூட்டில் அதற்கு ஜோடி. அந்தத் தகர வாளியில் கிடந்த அத்தனை உடைசலும் இதற்காகத்தான்.

சூட்டோடு குளம்பில் வைத்துப் பார்த்தபோது புகை எழுந்தது. எடுத்து, எங்கே கருகியிருக்கிறது, எங்கே படவில்லை என்று பார்த்து, திருப்பி நெளிவெடுத்தாள். இரண்டு தடவை. மூன்றாவது தடவை சுற்றிலும் ஒரே கறுப்புக் கோடு. லாடத்தைத் தண்ணீரில் ஆற்றிக்கொண்டு வந்தாள்.

பேகத்தின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆணிக்கும் அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். கெட்டிக் குளம்பில் போகும் ஆணிக்குக் கணீர் என்று சத்தம், உள் சதைப் பக்கம் போனால் சத்தம் மங்கும் என்று முன்பே சொல்லியிருந்தாள். முதல் ஆணி கணீர். இரண்டாவது கணீர். மூன்றாவது பாதி போனதும் நிறுத்தினாள். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. பேகமும் அசையவில்லை. "சித்த உள்ள சாயுதுங்க" என்று பிடுங்கி எறிந்துவிட்டு, புது ஆணியைக் கொஞ்சம் வெளியே சாய்த்து அடித்தாள். கணீர்.

யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியே அடித்து மடக்கியிருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன், சாரும் பார்த்திருக்க மாட்டார். அவள் பிடுங்கினாள்.

நாலாவதும் முடிந்து பேகம் காலைக் கீழே வைத்தது. நடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் புகை.

ஆகஸ்ட் 30

லாடம் நிற்கிறது.

செப்டம்பர் 12

நிற்கிறது. பயிற்சிக்கு இறக்கியாகிவிட்டது. நவமணிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு பண்ணைகளிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதாம். அங்கே போனாலும் இங்கே நாள் தவறுவதில்லை. இன்று பத்து நிமிடம் தாமதம் ஆகும் என்று அதற்கும் முன்னதாகவே போன் செய்தாள்.

செப்டம்பர் 27

டிரஸ்டிகள் வந்தார்கள். குதிரைகளை வரிசையாக நிறுத்தினோம். மற்ற குதிரைக்காரர்கள் எல்லாரும் குளம்புக்கு எண்ணெய் போட்டு மினுக்கியிருந்தார்கள். பேகத்தின் குளம்பு மட்டும் காய்ந்து, மங்கி, சாம்பல் நிறத்தில்.

பெரியவர் ஒருவர் நின்றார். "பொங்கலுக்கு ஷீல்டு வாங்கின குதிரையா இது? குளம்பெல்லாம் இப்படிக் கெடக்குது! மூணு தடவை லாடம் வேற கழண்டுச்சாமா?" சாரைப் பார்த்தார். "புதுசா ஒரு பொம்பளையைப் போட்டிருக்கீங்களாமே, அதான். லாடத்துக்கு வேற ஆளைப் பாருங்க. குதிரையை அந்த ஏஜென்ட்டுக்கே தாட்டி விட்டுருங்க."

விக்டர் சார் "ஆறு வாரமா நிக்குதுங்க சார்" என்று இழுத்தார். பெரியவர் அடுத்த குதிரைக்கு நகர்ந்துவிட்டார்.

நவமணி கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏனுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். "லாடம் கழண்டது அம்மணியால இல்லீங்க. என்னாலீங்க. ஷீல்டு வாங்கின பெருமையில ரெண்டு வேளையும் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெயைப் பூசிக் குளம்பை ஊற வெச்சவன் நானுங்க. அம்மணி என்கிட்டச் சொல்லுச்சு. நான் கேக்கலீங்க. சார்கிட்டச் சொல்றேன்னேன். சொல்லலீங்க. இந்த மங்கின குளம்புதானுங்க நல்ல குளம்பு. நாலே ஆணியில ஆறு வாரம் நிக்குது, தூக்கிப் பாருங்க."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேகத்தின் பக்கம் குனிந்தார். நான் காலைத் தூக்கிப் பிடித்தேன். லாடத்தை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. காதுகள் இரண்டையும் விரலால் தடவினார்.

"இதைக் கையிலயே அடிச்சியாம்மா?"

"ஆமாங்க" என்றாள் நவமணி. "சுத்து முடிஞ்சுதுங்க, இன்னிக்கு மாத்தோணும். புதுக் குளம்பு வளந்திருக்குது, இந்தத் தடவை அஞ்சு ஆணி அடிக்கலாமுங்க."

பெரியவர் சாரிடம் என்னவோ சொன்னார். அந்த ஏஜென்ட்டுக்கு போன் செய்து குதிரை இல்லை என்று சொல்லிவிட்டதாக சார் மதியம் வந்து சொன்னார். எனக்கு ஒரு மாதம் சம்பளத்தில் பிடித்தம், அதையும் சொன்னார். ஷீல்டை நாளைக்குக் கொண்டுவந்து ஆபீசில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

நவமணி உலையைப் பற்ற வைக்கும்போது போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டு, "அண்ணா, ஒருக்கா நடத்திக் காட்டுங்க, பாக்கலாம்" என்றாள். நடத்திக் காட்டினேன். ஐந்து ஆணி. ஐந்தும் கணீர் என்றது. ஐந்தாவதை அவள் அடிக்கும் முன்பே எந்தச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் குடிக்கத் தண்ணீர் வைப்பதற்காகப் பரணிலிருந்து அந்த வாளியை எடுத்தேன். வாளிச் சத்தம் கேட்டதும் பேகம் முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாக மரத்தூளில் இறக்கி வைத்தேன்.

இன்று கழுவவில்லை.